விளையாட்டு காட்டாமல் விட்ட முகம்

கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். "என் மகளுக்குப் பதினைந்து வயது. மூன்று ஆண்டுகளாக வீடியோ கேம் பாத்திரங்களையே வரைந்துகொண்டிருக்கிறாள். கை நன்றாகத் தேறியிருக்கிறது. ஆனால் வரைவதெல்லாம் வேறொருவர் படைத்த பாத்திரங்கள். இது நகல் எடுப்பதுதானே? இதில் சொந்தக் கற்பனை என்று என்ன இருக்கிறது? இவற்றை விற்கலாம் என்று அவளுடைய இணைய நண்பர்கள் சொல்கிறார்கள். சட்டப்படி அது சரிதானா? இதை நிறுத்திவிட்டு 'உண்மையான' ஓவியம் பழகச் சொல்லலாமா?" வீடியோ கேம் ரசிகர் குழுக்கள் நடத்தும் ஓவியப் போட்டிகளுக்குச் சில ஆண்டுகள் நடுவராக இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விளம்பரப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோட்டுக்குக் கோடு அப்படியே எடுப்பது ஒரு வகை. விளையாட்டில் எங்குமே இல்லாத காட்சியை அதே பாத்திரத்தைக் கொண்டு வரைவது இன்னொரு வகை. முன்னது கைப்பழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் அதைக் கடந்துதான் வந்திருக்கிறார்கள். ஃபேன் ஆர்ட், அதாவது ரசிகர் கலை, என்று அந்தக் குழுக்களே மதித்துப் பேசுவது பின்னதைத்தான். வீடியோ கேம்களைச் சுற்றி இந்த இரண்டாவது வகை இவ்வளவு செழித்திருப்பதற்குக் காரணம் அந்த ஊடகத்தின் இயல்பிலேயே இருக்கிறது. விளையாட்டு பாதியைக் காட்டிவிட்டு மீதியை விளையாடுபவரிடம் விட்டுவிடுகிறது. அப்படி விட்ட இடத்தில்தான் ரசிகர் கலை விளைகிறது.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தின் புகழ்பெற்ற பாத்திரமான மாரியோவை எடுத்துக்கொள்வோம். 1981இல் வெளிவந்த டாங்கி காங் விளையாட்டுக்காக அந்த உருவத்தை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோவுக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய 16 பிக்சல் உயரம், அதாவது திரையின் 16 சிறு சதுரப் புள்ளிகள். ஓடும்போதும் குதிக்கும்போதும் தலைமுடி அசைவதைக் காட்ட வழியில்லை என்பதால் தொப்பி வந்தது. வாய் வரைய இடமில்லை, மூக்கு மட்டுமாவது தெரியட்டும் என்று மீசை வந்தது. கை உடம்போடு ஒன்றிப்போய் அசைவு தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காக வேறு நிறத்தில் ஓவரால் உடை வந்தது. 1985இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸில் அந்த உருவத்துக்கு மூன்றே நிறங்கள் உண்டு: தொப்பிக்கும் ஓவராலுக்கும் சிவப்பு, தோலுக்கு ஒரு நிறம், முடி, மீசை, சட்டை, காலணி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பழுப்பு. உலகம் முழுவதும் அறிந்த ஒரு முகம் உண்மையில் ஒரு கைப்பிடிச் சதுரங்கள்தான்.

இப்போது அந்தச் சதுரங்களைப் பார்த்து ஒருவர் வரைய உட்காருகிறார் என்று வையுங்கள். உருவம் எப்போதும் பக்கவாட்டில்தான் நிற்கிறது. முன்னிருந்து பார்த்தால் அந்த மீசை எப்படிப் பிரியும்? சட்டையும் காலணியும் ஒரே பழுப்பில் இருக்கின்றனவே, அது துணியின் நிறமா அல்லது நிறப்பற்றாக்குறையா? கண் என்பது மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள். அவற்றில் களைப்பு இருக்கிறதா, குறும்பு இருக்கிறதா? ஓவராலின் முழங்கால் பகுதி தேய்ந்திருக்குமா? இவற்றில் எதற்கும் திரையில் விடை கிடையாது. வரைபவர் ஒவ்வொன்றையும் தானே முடிவு செய்தாக வேண்டும், அந்த முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவும் வேண்டும். பத்துப் பேர் வரைந்தால் பத்து மனிதர்கள் வருவார்கள்; ஆனாலும் பத்துப் பேரையும் பார்த்தவுடன் யாரென்று சொல்லிவிடலாம். அடையாளம் மாறாமல் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்ற இந்தக் கணக்கு, பெரிய ஓவியர்களுக்கும் தலைவலி கொடுக்கும் கணக்குத்தான்.

இந்த இடைவெளியை விளையாட்டு நிறுவனங்களே அந்தக் காலத்தில் வெளிப்படையாகக் காட்டின. 1987இல் வந்த ஃபைனல் ஃபேன்டசிக்கு யோஷிதக்கா அமானோ வரைந்த படங்கள் மெல்லிய கோடுகளும் கரைந்து ஓடும் நீர்வண்ணமுமாக, கனவுபோல இருக்கும். அதே பாத்திரங்கள் திரையில் விரல் நகம் அளவு பொம்மைகளாக நடக்கும். இரண்டுக்கும் நடுவே இருந்த தொலைவை விளையாடிய ஒவ்வொருவரும் தம் மனத்துக்குள்ளேயே கடந்தார்கள். அவர்களில் சிலர் அதைக் காகிதத்தில் கடந்தார்கள், அவ்வளவுதான்.

இன்றைய விளையாட்டுகளில் மயிர்க்கால் வரை தெரிகிறதே, இடைவெளி மூடிப்போயிருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். அது படத்திலிருந்து கதைக்கு இடம் மாறியிருக்கிறது. 2011இன் டார்க் சோல்ஸில் உலகின் வரலாற்றை யாரும் உட்கார்ந்து விவரிப்பதில்லை. ஒரு மோதிரத்தின் கீழ் இரண்டு வரி, ஒரு வாளின் கீழ் மூன்று வரி, சிதைந்த சிலை ஒன்று, இவற்றைக் கோத்துத்தான் கதை தெரியவரும். அதை இயக்கிய ஹிடெடாக்கா மியாசாக்கி, சிறுவயதில் தமக்கு முழுதும் புரியாத ஆங்கிலப் புத்தகங்களைப் படித்ததையும், புரியாத இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டதையும் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதாவது, அந்த விளையாட்டை உருவாக்கியவரே ஒரு காலத்தில் உங்கள் மகள் செய்வதைத்தான் செய்துகொண்டிருந்தார். பென்சில் மட்டும் கையில் இல்லை.

வேறொரு வகை இடைவெளியும் உண்டு. 2007இல் தொடங்கிய மாஸ் எஃபெக்ட் வரிசையில் நாயகர் ஆணா பெண்ணா, முகம் எப்படி, யாரைக் காப்பாற்றினார், யாரைக் கைவிட்டார் என்பதையெல்லாம் விளையாடுபவரே தீர்மானிக்கிறார். எனவே அந்த விளையாட்டின் ரசிகர்கள் அதன் நாயகரான ஷெப்பர்டை வரையும்போது "என் ஷெப்பர்ட்" என்று சொல்வார்கள். அந்த உரிமைச் சொல் பொய்யில்லை. வாசகரோ திரைப்படப் பார்வையாளரோ அப்படிச் சொல்ல இயலாது. விளையாடுபவர் பாத்திரத்தின் பாதி ஆசிரியராக ஏற்கெனவே ஆகிவிட்டிருக்கிறார். வீடியோ கேம் ரசிகர் கலை மற்ற ரசிகர் கலைகளிலிருந்து வேறுபடும் இடமாக நான் கருதுவது இதுவே.

இனிக் குழுக்களுக்கு வருவோம், ஏனெனில் தனியாக வரைவதற்கும் குழுவுக்குள் வரைவதற்கும் வேறுபாடு பெரிது. ஓவியங்களைப் பகிரும் இணையதளங்களில் டீவியன்ட்ஆர்ட் 2000இலும் ஜப்பானின் பிக்சிவ் 2007இலும் தொடங்கின. அவற்றுக்குப் பின் எத்தனையோ தளங்கள் வந்துவிட்டன. தளம் எதுவானாலும் உள்ளே நடக்கும் பண்டமாற்று ஒன்றுதான். ஒருவர் ஒரு பாத்திரத்துக்குக் காதில் சிறு தழும்பு வைத்து வரைகிறார். அதன் காரணத்தை இன்னொருவர் நான்கு கட்டக் காமிக்ஸாக்குகிறார். மூன்றாமவர் அதைக் கதையாக எழுதுகிறார். ஆறு மாதம் கழித்து வரும் புதியவர், தழும்பு விளையாட்டிலேயே இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வரைகிறார். விளையாட்டில் இல்லாமல் ரசிகர்களிடையே உண்மையாகிவிடும் இந்த வகைச் செய்தியை ஹெட்கேனன் என்பார்கள். யார் தொடங்கியது என்பதே மறந்துபோகும் அளவுக்கு அது பொதுச் சொத்தாகிவிடும்.

கற்பித்தலும் அங்கேயே நடக்கிறது, பள்ளி என்ற பெயர் இல்லாமலே. ரெட்லைன் என்றொரு வழக்கம் உண்டு: வரைந்தவர் சம்மதித்தால், தேர்ந்த கை ஒருவர் அந்தப் படத்தின் மேல் சிவப்புக் கோட்டில் திருத்தி, தோள் எங்கே இருக்க வேண்டும், எடை எந்தக் காலில் விழுகிறது என்று காட்டுவார். கை வரையத் தெரியாதவர்கள் எல்லாப் பாத்திரங்களையும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வைப்பார்கள் என்பது அந்த வட்டாரத்தின் பழைய கேலி. ஒரு போட்டியில் தொடர்ந்து எட்டு வாரம் அப்படியே நிற்க வைத்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஒன்பதாவது வாரத் தலைப்பு "விளக்கை ஏற்றுதல்". வேறு வழியில்லை, கை வந்தே ஆக வேண்டும். கட்டைவிரல் தவறான பக்கத்தில் முளைத்திருந்தது. மறுநாளைக்குள் அந்தப் படத்துக்கு ஏழு ரெட்லைன்கள் வந்துவிட்டன. ஏழு பேரும் ஒரே தவற்றை ஏழு விதமாக விளக்கியிருந்தார்கள். விரிந்த கை, பிடித்த கை, தளர்ந்த கை என்று அடுத்த மாதம் முழுவதும் அவர் கைகளாகவே வரைந்து தள்ளினார். பாத்திரத்தின் மீதிருந்த ஆசைதான் அந்தச் சலிப்பான பயிற்சியை அவருக்குச் சலிக்காமல் வைத்திருந்தது.

கருவி குறைந்தால் கலை குறையும் என்பதும் இங்கே மெய்ப்படவில்லை. நின்டெண்டோவின் வீ யூ விளையாட்டுக் கருவியோடு 2012இல் வந்து 2017 நவம்பரில் மூடப்பட்ட, விளையாடுபவர்கள் செய்தியும் படமும் பகிர்ந்துகொண்ட மீவெர்ஸ் சேவையில், தொடக்க காலத்தில் ஒரு சிறிய கட்டத்துக்குள் கறுப்பு, வெள்ளை இரண்டே நிறங்களில், தொடுதிரைக் குச்சியால் வரைய வேண்டியிருந்தது. சாம்பல் நிறம் கிடையாது என்பதால் புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் இட்டு நிழல் கொண்டுவந்தார்கள். அச்சுக்கூடங்களின் பழைய உத்தியைச் சிறுவர்கள் தாமாகவே கண்டுபிடித்தார்கள் என்றே சொல்லலாம். சேவை மூடப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததும் ரசிகர்கள் கூடி அந்தப் பதிவுகளைச் சேமித்து வைத்தது தனிக் கதை.

ஒரு குழு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று ஜப்பானின் தோஹோ. ஸுன் என்ற புனைபெயருடைய ஒருவர் நிரல், இசை, ஓவியம் மூன்றையும் தனியாளாகச் செய்து 1990களில் தொடங்கிய விளையாட்டு வரிசை அது. அவருடைய இசை அபாரம்; ஓவியம், மரியாதையோடு சொல்வதானால், அவருக்கே உரியது. முகங்கள் சற்றுக் கோணலாகவும் கைகள் ரொட்டித் துண்டுபோலவும் இருக்கும். அந்தக் கோணலே அழைப்பாகிவிட்டது. பாத்திரத்தின் தொப்பி, நாடா, நிறம் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. மீதியை நீயே வரைந்துகொள் என்று அந்தப் படங்கள் சொல்வதுபோல் இருந்தது. தம் பாத்திரங்களையும் இசையையும் பிறர் எடுத்தாள, சில நிபந்தனைகளோடு, அவர் தாராளமாக இடமும் கொடுத்தார். 1975இல் தொடங்கி டோக்கியோவில் நடந்துவரும் காமிக்கெட் என்ற பெருஞ்சந்தையில் டூஜின் எனப்படும், தாமே செய்து வெளியிடும் புத்தகங்களை ரசிகர்கள் விற்பார்கள். அங்கே தோஹோ பல ஆண்டுகள் முன்னணியில் நின்றது. 2004 முதல் தோஹோவுக்கென்றே தனிச் சந்தையும் நடக்கிறது.

அதிலிருந்து ஒரே ஒரு இழையை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன். 1998இல் வந்த ஒரு தோஹோ விளையாட்டின் மூன்றாம் கட்டத்துக்கு ஸுன் ஒரு சிறு இசைத்துண்டு எழுதினார். பேட் ஆப்பிள் என்பது அதன் பெயர். 2007இல் ஒரு டூஜின் இசைக்குழு அதற்குச் சொற்களும் குரலும் சேர்த்து நடனப் பாடலாக்கியது. 2008இல் ஒருவர் அந்தப் பாடலுக்கு எந்தக் காட்சி எப்போது வர வேண்டும் என்று கதைப்பலகை வரைந்து, யாராவது இதை முழுப் படமாக்குங்கள் என்று நிகோநிகோ காணொளித் தளத்தில் வேண்டுகோள் விடுத்தார். 2009இல் வேறொருவர் அதை முப்பரிமாணத்தில் அசைத்து, வெறும் கறுப்பு நிழலும் வெள்ளைப் பின்புலமுமாக மாற்றி வெளியிட்டார். ஒரு பாத்திரம் திரும்பும்போது அதன் நிழல் மடங்கி அடுத்த பாத்திரமாக விரியும். நிறமே இல்லை, முகமே இல்லை, ஆனால் தொப்பியின் விளிம்பைக் கண்டே ரசிகர்கள் பெயர் சொல்வார்கள். இரண்டே நிறம் என்பதால் எந்தக் கருவியிலும் அதை ஓட்டிக்காட்டலாம் என்று பொறியியல் பித்தர்கள் கண்டுகொண்டார்கள். அலைக்காட்டித் திரையில், பழைய கால்குலேட்டரில், எண்பதுகளின் விளையாட்டுக் கருவியில் என்று இன்றுவரை அது ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் சங்கிலியில் நகல் எது, மூலம் எது என்று கோடு கிழித்துக் காட்டச் சொன்னால் என்னால் இயலாது.

இன்னொரு சங்கிலி இதைவிட வேடிக்கையானது. எர்த்பவுண்ட் நின்டெண்டோவின் பழைய விளையாட்டு. அதன் ரசிகரான டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்கர், 2008இல், இருபது வயதுகூட ஆகாத நிலையில், அந்த விளையாட்டின் நிரலைக் கிண்டி மாற்றி ஹாலோவீனுக்காகத் தம் சொந்தக் கதையொன்றை அதற்குள் ஓட்டினார். அந்த ரசிகர் வேலைக்காக அவர் எழுதிய மெகலோவேனியா என்ற இசை, பிறகு ஒரு இணையக் காமிக்ஸுக்குப் போய், 2015இல் அவரே உருவாக்கிய அண்டர்டேல் விளையாட்டில் சான்ஸ் என்ற எலும்புக்கூட்டோடு நடக்கும் சண்டைக்கு வந்து சேர்ந்தது. 2019இல் சான்ஸின் உடையும் அந்த இசையின் புதிய வடிவமும் நின்டெண்டோவின் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் விளையாட்டில் அதிகாரபூர்வமாக இடம்பெற்றன. நின்டெண்டோவின் விளையாட்டை அனுமதியின்றி மாற்றிய ஒரு சிறுவனின் இசை, பதினோரு ஆண்டுகள் சுற்றிவிட்டு நின்டெண்டோவின் வாசலுக்கே வந்து நின்றது.

அண்டர்டேலின் ரசிகர்களும் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். அந்த விளையாட்டு சான்ஸின் பழங்கதையைக் கோடிட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். ஏயு என்று சுருக்கிச் சொல்லப்படும் மாற்று உலகங்கள் அங்கிருந்து கிளம்பின. அண்டர்ஸ்வாப் என்ற உலகத்தில் பாத்திரங்களின் குணமும் பொறுப்பும் இடம் மாறியிருக்கும். அண்டர்ஃபெல்லில் எல்லோரும் கடுகடுப்பாக, சிவப்பும் கறுப்புமாக மாறியிருப்பார்கள். நூற்றுக்கணக்கானவை தோன்றின. பெரும்பாலானவை சுமார்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. எந்தக் கலையிலும் பெரும்பாலானவை சுமார்தான்.

ஓவியத்திலிருந்து சற்று விலகி, ரசிகர்கள் விளையாட்டையே திருத்தி எழுதும் மாட்களைப் பற்றியும் ஒரு சொல். 1993இல் டூம் வெளிவந்தபோது அதன் வரைபடம், படம், ஒலி எல்லாம் வாட் என்ற தனிக் கோப்பில் வைக்கப்பட்டிருந்தன. மூல நிரலைத் தொடாமலே யாரும் புதிய நிலைகளை, அதாவது விளையாட்டின் கட்டங்களை, செய்து மாட்டிவிடலாம். அந்த ஒரு தொழில்நுட்ப முடிவால் இன்றும் டூமுக்குப் புதிய நிலைகள் வந்தவண்ணம் இருக்கின்றன. ஹாஃப்-லைஃப் விளையாட்டுக்கு இரண்டு ரசிகர்கள் 1999இல் செய்த மாட் ஒன்றை அந்த விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனம் வாங்கி 2000இல் கடைக்குக் கொண்டுவந்தது, அதுதான் கவுண்டர்-ஸ்ட்ரைக். செகா நிறுவனத்தின் சோனிக் மேனியா விளையாட்டை 2017இல் உருவாக்கிய கிறிஸ்டியன் வைட்ஹெட் உள்ளிட்ட பலர் சோனிக் ரசிகர் விளையாட்டுகளைச் செய்துகொண்டிருந்தவர்களே.

எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. 1991இன் மெட்ராய்டு 2 விளையாட்டை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் உழைத்துப் புதிதாக்கிய மில்டன் குவாஸ்தி, 2016 ஆகஸ்டில், அந்த வரிசையின் முப்பதாம் ஆண்டு நிறைவன்று, அதை இலவசமாக வெளியிட்டார். சில நாள்களுக்குள் நின்டெண்டோவின் பதிப்புரிமை அறிவிப்பால் பதிவிறக்க இணைப்புகள் அகற்றப்பட்டன. அதே விளையாட்டுக்கு நின்டெண்டோ தானே செய்த மறு ஆக்கம் 2017இல் வந்தது. குவாஸ்திக்கு வேறு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஓரி அண்டு தி வில் ஆஃப் தி விஸ்ப்ஸ் விளையாட்டின் நிலைகளை வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர். பத்து ஆண்டு உழைப்பு வீண்போகவில்லை என்று சொல்லலாம். ஆனால் இணைப்புகள் அகற்றப்பட்ட அன்று அவருக்கு அப்படித் தோன்றியிருக்காது.

இது உங்கள் சட்டக் கேள்விக்கு நம்மைக் கொண்டுவருகிறது. பெரும்பாலான நாடுகளில் ஒரு பாத்திரத்தை வைத்துப் புதிய படைப்பு செய்யும் உரிமை மூல உரிமையாளருடையது. இலவசமாகக் கொடுத்தால் சட்டம் பொருந்தாது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள், அது தவறு. இலவசமாக இருப்பது உரிமையாளர் சும்மா விட்டுவிடும் வாய்ப்பைக் கூட்டும், அவ்வளவே. அமெரிக்காவில் நியாயமான பயன்பாடு என்றொரு தற்காப்பு உண்டு: பயன்பாட்டின் நோக்கம், மூலத்தின் தன்மை, எடுத்த அளவு, சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு ஆகிய நான்கையும் நீதிமன்றம் வழக்குக்கு வழக்கு எடைபோடும். வழக்கு வந்த பிறகு சொல்லும் வாதம் அது. முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளும் அனுமதிச் சீட்டாக அதை நினைத்துவிடக் கூடாது.

1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்த்த வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டியூக் நியூகெம் 3டி விளையாட்டோடு நிலை அமைக்கும் கருவியையும் தந்திருந்தார்கள். விளையாடியவர்கள் ஆர்வமாக நிலைகளைச் செய்து பகிர்ந்துகொண்டார்கள். மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் அவற்றில் முந்நூற்றைத் திரட்டிக் குறுந்தகட்டில் விற்றது. அந்தக் கோப்புகளில் விளையாட்டின் படம் ஒன்றுகூட இல்லை. எந்தப் படம் எங்கே வர வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. ஆயினும் அவை விளையாட்டின் நாயகனான டியூக்கின் புதிய சாகசக் கதைகளைச் சொல்கின்றன, அப்படிச் சொல்லும் உரிமை மூல உரிமையாளருக்கே உண்டு என்று நீதிமன்றம் கூறிவிட்டது. பகிர்ந்துகொள்ளலாம், விற்கக் கூடாது என்ற எழுதாத எல்லையை அந்தத் தீர்ப்பு ஏறக்குறைய எழுதியே காட்டியது.

ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே பதிப்புரிமைக் குற்றங்களுக்கு உரிமையாளர் புகார் கொடுத்தால்தான் வழக்கு என்ற முறை நெடுங்காலம் இருந்தது. புகார் கொடுக்காமல் கண்டும் காணாமலும் இருந்துவிடுவதில்தான் டூஜின் உலகம் வளர்ந்தது. 2018 டிசம்பர் இறுதியில் சட்டம் திருத்தப்பட்டுச் சில குற்றங்களுக்குப் புகார் தேவையில்லை என்று ஆனபோதும், விற்பனையில் உள்ள படைப்பை அப்படியே எடுத்து லாபத்துக்காக வெளியிட்டு உரிமையாளருக்குத் தீங்கு செய்வதற்கு மட்டுமே அது பொருந்துமாறு வரையறுத்தார்கள். மாற்றி வரையும் ரசிகர்களை வேண்டுமென்றே வெளியே விட்டார்கள்.

நடைமுறையில் பார்த்தால் உங்கள் மகளுக்குச் சட்டப் புத்தகத்தைவிட முக்கியமானது, அவள் வரையும் விளையாட்டின் நிறுவனம் வெளியிட்டிருக்கும் ரசிகர் படைப்பு விதிகள்தாம். சில நிறுவனங்கள் காசு வாங்காத படைப்புக்குத் தடையில்லை என்று எழுதியே வைத்திருக்கின்றன. சிலர் சிறிய அளவு விற்பனைக்கும் இடம் தருகிறார்கள். சிலர் வாயே திறப்பதில்லை. வாய் திறக்காதவர்களிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். இலச்சினையைப் பயன்படுத்துவதும், அதிகாரபூர்வப் பொருள்போலத் தோன்றவைப்பதும் எங்கேயும் வம்பு. கமிஷன், அதாவது ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து வரையச் சொல்வது, உழைப்புக்கான கூலி என்று பிள்ளைகள் வாதிடுவார்கள். உரிமைப் பிரச்சினை அதனால் மறைந்துவிடாது. பதினைந்து வயதில் விற்றே ஆக வேண்டும் என்றால், அவளே உருவாக்கிய பாத்திரங்களையும், பிறர் தாமே உருவாக்கி வரையச் சொல்லும் பாத்திரங்களையும் விற்கட்டும். அதற்கும் அந்த வட்டாரத்திலேயே நல்ல வரவேற்பு இருக்கிறது. பணம் வாங்கும் பொறுப்பைப் பெரியவர் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கெட்டதையும் சொல்லாமல் விடக் கூடாது. படத்தின் ஓரத்திலிருக்கும் பெயரை வெட்டிவிட்டுத் தம் படம்போலப் பகிர்பவர்கள் உண்டு. இந்தப் பாத்திரம் அந்தப் பாத்திரத்தோடுதான் சேர வேண்டும் என்று அடித்துக்கொண்டு, வரைந்தவரை வாரக்கணக்கில் வசைபாடும் கூட்டங்கள் உண்டு. பதின்வயதினரை உண்மையாகவே காயப்படுத்துவது இதுதான், எனவே யாரோடு பழகுகிறாள் என்பதை விசாரியுங்கள். 2022இல் செயற்கை நுண்ணறிவுப் பட இயந்திரங்கள் பரவியபோது, தங்கள் படங்கள் கேட்காமலே பயிற்சிக்கு எடுக்கப்பட்டதாக ஓவியர்கள் கொதித்தார்கள். அந்த டிசம்பரில் ஆர்ட்ஸ்டேஷன் என்ற ஓவியத் தளத்தின் முகப்பையே எதிர்ப்புப் படங்களால் நிரப்பினார்கள். மற்றவர் பாத்திரத்தை வரைபவர்களுக்கு இதைச் சொல்ல என்ன உரிமை என்று சிலர் கேட்டார்கள். கேள்வி முற்றிலும் நியாயமற்றதில்லை. ஆனால் ரசிகர் ஓவியர் எங்கிருந்து எடுத்தோம் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார்; பாத்திரத்தின் பெயர்தான் அந்தப் படத்தின் முதல் செய்தி. இயந்திரம் அந்தக் கணக்கைக் காட்டுவதில்லை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

கடைசியாக, நிறுத்தச் சொல்லலாமா என்ற கேள்வி. வேண்டாம். அவள் செய்யும் பயிற்சியில் உடற்கூறு, ஒளி, துணியின் மடிப்பு எல்லாம் "உண்மையான" ஓவியத்தில் உள்ளவையே. ஒரு கிண்ணத்தையும் இரண்டு பழத்தையும் வைத்து வரையச் சொன்னால் ஒரு வாரத்தில் விட்டுவிடும் வயது அது. அதற்குப் பதிலாக இரண்டு காரியம் செய்யலாம். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி எழுதச் சொல்லுங்கள்; ஆண்டுக்கு ஒருமுறை பழைய படம் ஒன்றை மீண்டும் வரையச் சொல்லுங்கள். அவளுடைய குழுவில் இது ஏற்கெனவே வழக்கமாக இருக்கும், எனவே உங்களை விசித்திரமாகப் பார்க்க மாட்டாள். இன்னொன்று: அவள் படங்களைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு மூலையில், அந்த விளையாட்டில் இல்லாத ஒருவர் நின்றுகொண்டிருப்பார். நாயகனின் தங்கையாக இருக்கலாம். வாள் தீட்டும் கிழவியாக இருக்கலாம். பெயரில்லாத காவலாளியாகவும் இருக்கலாம். ஓசி என்று அவர்கள் சுருக்கிச் சொல்லும் சொந்தப் பாத்திரம் அப்படித்தான் ஓசையில்லாமல் நுழையும். "இது யார்?" என்று கேளுங்கள். அரை மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு கேளுங்கள். பதில் நீளமாக இருக்கும்.